சிங்கள மக்களும் பத்தினித் தெய்வமும்

சித்திரைத் திங்கள் முழுமதி நாளில் குமுளிக்குச் சென்றவர்கள் ஓர் அரிய காட்சியைக் கண்டிருப்பார்கள். பொழுது புலருமுன்பே மலையடிவாரத்தில் மக்கள் திரண்டு நிற்பர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பளியன்குடி வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து ஏறுவோர் ஒரு புறம். குமுளியிலிருந்து ஊர்திகளில் செல்வோர் மற்றொரு புறம். இரு சாராரும் சென்று கூடுமிடம் மங்கலதேவி கோட்டம். தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் மலைமுகட்டில், கடல்மட்டத்திற்கு மேல் 1,300 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், சிதைந்த கற்சுவர்களோடு அக்கோட்டம் நிற்கிறது. ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே மக்கள் அங்குச் சென்று வழிபட இசைவு உண்டு. அந்நாளுக்கான ஏற்பாடுகளை இரு மாவட்ட அதிகாரிகளும் கூடிப் பேசி வகுக்கின்றனர். அங்கே கண்ணகி தெய்வமாக வணங்கப்பெறுகிறாள்.

மதுரையை எரித்த கண்ணகி மேற்கு நோக்கி நடந்து, சேர நாட்டு மலையில் ஒரு வேங்கை மரத்தின் நிழலில் நின்று, கணவனோடு வானுலகு சென்றாள் என்பது சிலப்பதிகாரம் கூறும் கதை. மலைவாழ் குறவர் அதனைக் கண்டு சேரன் செங்குட்டுவனுக்கு உரைத்தனர். அவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கோயில் எடுத்தான். அக்கோயிலே மங்கலதேவி கோட்டம் என்று 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் எடுத்துரைத்தார். கொடுங்கல்லூரே அவ்விடம் என்பாரும் உளர். அந்த ஆராய்ச்சிக்குள் நாம் இப்போது நுழைய வேண்டியதில்லை. நம் கருத்தை ஈர்ப்பது வேறொரு செய்தி. செங்குட்டுவன் எடுத்த பத்தினி விழாவுக்கு வந்த வேற்று நாட்டு மன்னருள் கடல் சூழ்ந்த இலங்கையின் அரசன் கயவாகுவும் ஒருவன் என்று இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். சிங்களவர் கஜபாகு என்று போற்றும் மன்னன் அவனே.

சேர நாட்டு மலையில் தமிழ்ப் பெண்ணொருத்திக்கு எடுத்த விழாவில் சிங்கள மன்னனுக்கு என்ன பணி? அவன் மக்கள் யார்? எங்கிருந்து வந்தனர்? எச்சமயத்தைச் சார்ந்தவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது நமக்கு நலம் தரும். ஏனெனில், நம்மில் பலர் சிங்களவரைப் போர்ச் செய்திகளின் வாயிலாக மட்டுமே அறிந்திருக்கிறோம். ஓர் இனத்தாரை அவர்களுடைய பகைமையைக் கொண்டு மட்டும் அறிவது பாதி அறிவேயாகும்.

சிங்களவர் தம் தோற்றத்தைப் பற்றிக் கூறும் கதை மகாவமிசம் என்னும் பாலி மொழி நூலில் உள்ளது. கி.பி. ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டில் மகாநாமர் என்னும் துறவி அதனை இயற்றினார் என்பர். லாட நாட்டுச் சிங்கபுரத்து மன்னன் சிங்கபாகு. அவன் தந்தை ஒரு சிங்கம். அதனைக் கொன்றமையால் அவன் வழியினர் சிங்களர் எனப் பெயர் பெற்றனர் என்கிறது அந்நூல். அவன் மகன் விஜயன் தீயொழுக்கத்தால் நாடு கடத்தப்பெற்றான். 700 தோழரோடு கப்பலேறிய அவன், புத்தர் பெருமான் பரிநிருவாணம் எய்திய அதே நாளில் இலங்கையில் கரையிறங்கினான். அங்கு வாழ்ந்த இயக்கர் குலப் பெண் குவேனியை முதலில் துணைவியாகக் கொண்டு, பின்னர் அவளைக் கைவிட்டான்.

இதற்கு அடுத்த செய்தியைத் தமிழர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். முடிசூட அரசகுலத்து மனைவி வேண்டுமென்று விஜயன் மதுரைப் பாண்டியனிடம் தூது அனுப்பினான். பாண்டியன் தன் மகளை மணப்பெண்ணாக அனுப்பினான். விஜயனின் தோழர்களுக்கு மனைவியராகும்படி வேறு பல கன்னியரையும், தொழில் வல்லாரையும், பதினெண் தொழிற்குலங்களைச் சார்ந்த 1,000 குடும்பங்களையும் உடன் அனுப்பினான். இதனைத் தமிழர் எழுதி வைக்கவில்லை. சிங்களவரின் தலையாய வரலாற்று நூலே எழுதி வைத்திருக்கிறது. சிங்கம் பெற்ற மகன் என்பதை நாம் புராணமாகவே கொள்ளலாம். ஆயினும், தம் முதல் தாய்மார் மதுரையிலிருந்து வந்தவர் என்று ஓர் இனம் தன் நூலில் பொறித்து வைத்திருப்பது எளிதாகத் தள்ளத்தக்க செய்தி அன்று.

மொழி என்ன சொல்கிறது? சிங்களம் வடஇந்திய மொழிகளின் குடும்பத்தைச் சார்ந்தது. மாலத்தீவில் வழங்கும் திவேகி மொழி அதன் நெருங்கிய உடன்பிறப்பு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொட்டு இலங்கைக் குகைகளில் பிராமி எழுத்தில் பொறித்த கல்வெட்டுகள் ஒரு வகைப் பிராகிருதத்தில் அமைந்துள்ளன. அதிலிருந்தே சிங்களம் கிளைத்தது. எனவே வடக்கிலிருந்து மக்கள் வந்ததும் உண்மையே. ஆனால் அம்மொழியின் வீட்டுக்குள் சென்று பார்த்தால் நமக்குப் பழகிய சொற்கள் பல எதிர்ப்படுகின்றன. மூத்த சகோதரியை அவர்களும் அக்கா என்றே அழைக்கின்றனர். கடை அங்கே ‘கடே’, பாலம் ‘பாலம’, வழிப்போக்கர் தங்கும் அம்பலம் ‘அம்பலம’. கப்பம், கூலி, முதலாளி ஆகிய சொற்களும் அங்கு வழங்குகின்றன. அவர்களுடைய வட்டெழுத்து வடிவங்களில் தென்னாட்டுக் கிரந்தத்தின் சாயலை அறிஞர் காண்கின்றனர். வடக்கிலிருந்து வந்த மொழியும், தீவின் பழங்குடியினரும், தெற்கிலிருந்து அலையலையாக வந்து கலந்த மக்களும் சேர்ந்தே சிங்கள இனம் உருவாயிற்று என்பது இவற்றால் தெளிவாகிறது.

இனிச் சமயத்தைப் பார்ப்போம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் காலத்தில் மகிந்த தேரர் இலங்கைக்கு வந்து, மிகிந்தலை மலையில் மன்னன் தேவானம்பிய தீசனைச் சந்தித்துப் புத்த நெறியைப் புகட்டினார். சங்கமித்திரை புத்தகயைப் போதிமரத்தின் கிளையை அனுராதபுரத்திற்குக் கொணர்ந்தார். அங்கு நடப்பெற்ற அம்மரம் இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பெற்ற திரிபிடகம், கி.மு. முதல் நூற்றாண்டில் அலுவிகாரையில் முதன்முறையாக ஏட்டில் எழுதப்பெற்றது. இந்தியாவில் புத்த நெறி தளர்ந்தபோது அதன் தேரவாதப் பிரிவைக் காத்து, பர்மாவுக்கும் சயாமுக்கும் வழங்கிய பெருமை இலங்கைக்கு உண்டு. அப்பெருமையில் தமிழருக்கும் பங்குண்டு. ஐந்தாம் நூற்றாண்டளவில் பாலி மொழியில் நூல்கள் இயற்றிய புத்ததத்தர் சோழ நாட்டவர். கோவலன் மகள் மணிமேகலை புத்தத் துறவியாகி, வஞ்சி நகரில் கண்ணகி கோட்டத்தைக் கண்டதை நம் மணிமேகலைக் காப்பியமே பாடுகிறது.

அனுராதபுரத்து வரலாற்றில் தமிழரும் சிங்களவரும் பொருத நிகழ்ச்சிகள் பல. அவற்றுள் முதன்மையானது எல்லாளனுக்கும் துட்டகைமுனுவுக்கும் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நடந்த போர். சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் 44 ஆண்டுகள் ஆண்டான் என்றும், பகைவர், நண்பர் என்ற வேறுபாடின்றி நீதி வழங்கினான் என்றும் மகாவமிசம் புகழ்கிறது. கன்றை இழந்த பசு மணி அடிக்க, தன் மகனைத் தேர்க்காலிலிட்டதாக நாம் கூறும் மனுநீதிச் சோழன் கதை, அந்நூலில் எல்லாளன்மேல் ஏற்றிக் கூறப்படுகிறது. அவனை வென்று கொன்ற துட்டகைமுனு, அவன் விழுந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்வழிச் செல்வோர் இசைக்கருவிகளை முழக்காது அடங்கிச் செல்ல வேண்டுமென்று ஆணையிட்டான். வென்றவன் தோற்றவனுக்குக் காட்டிய மரியாதை இது. பிற்காலத்தார் போரை நினைவில் கொண்ட அளவுக்கு அந்த மரியாதையை நினைவில் கொள்ளவில்லை.

993ஆம் ஆண்டில் இராசராச சோழனின் படை அனுராதபுரத்தை வீழ்த்தியது. 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். பின்னர்ப் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு கடல் போன்ற ஏரியை அமைத்தான். அதன் பின் சிங்கள அரசு தென்மேற்கே நகர்ந்து, கடைசியில் கண்டி மலைநாட்டில் நிலைகொண்டது. கரையோரத்தைப் போர்த்துகீசரும், பின்னர் ஒல்லாந்தரும், இறுதியில் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். நீர்கொழும்பு முதலிய ஊர்களில் வாழும் சிங்களக் கத்தோலிக்கர் போர்த்துகீசர் காலத்தில் மதம் மாறியோரின் வழியினர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் சிங்களவர். நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் புத்த சமயத்தார்.

கண்டி வரலாற்றில் வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. 1739இல் கண்டியரசனுக்கு நேர் வாரிசு இல்லாமற் போகவே, அவன் மனைவியின் உடன்பிறந்தானான மதுரை நாயக்கர் குலத்தவன் அரியணை ஏறினான். அவனுக்குப் பின் வந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், புத்த சங்கத்தில் முறைப்படி துறவு வழங்கத் தகுதி பெற்ற பிக்குகளே இல்லாத நிலை இருந்தது. அம்மன்னன் சயாம் நாட்டிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, 1753இல் துறவுப் பரம்பரையை மீண்டும் தோற்றுவித்தான். இலங்கையின் பெரும் சங்கப் பிரிவான சியம் நிகாயம் அவ்வாறு பிறந்ததே. மதுரையிலிருந்து வந்த குலத்தவன் சிங்கள புத்த நெறிக்கு மறுவாழ்வு தந்தான். அக்குலத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, 1832இல் வேலூரில் உயிர் நீத்தான். பாலாற்றங்கரையில் அவன் நினைவிடம் உள்ளது.

அரசர் மட்டுமா வந்தனர்? 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் மலையாளக் கரையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் சென்ற மீனவர், நெசவாளர், கள் இறக்குவோர் முதலிய பலர் இன்று முழுமையாகச் சிங்களவராகி, அவ்வினத்தின் குலங்களாக அமைந்துவிட்டனர். எதிர்த்திசையிலும் பயணம் நிகழ்ந்ததாக நம்புவோர் கேரளத்தில் உண்டு. ஈழத்திலிருந்து வந்தமையால் தம் முன்னோர் ஈழவர் எனப்பட்டனர் என்பது பாலக்காடு முதல் திருவனந்தபுரம் வரை பரவியுள்ள அச்சமூகத்தாரின் மரபு. 849ஆம் ஆண்டைச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே ஈழவர் என்னும் பெயர் காணப்படுகிறது. இம்மரபை ஏற்பாரும் மறுப்பாரும் அறிஞருள் உளர். அச்சமூகத்தில் தோன்றிய ஸ்ரீ நாராயண குரு 1918இல் இலங்கைக்குச் சென்று வந்தார்.

இப்போது நம் பத்தினியிடம் திரும்புவோம். சிங்கள நாட்டு விகாரைக்குச் சென்றால் புத்தர் சிலையும், தூபியும், போதிமரமும் காணலாம். அருகிலேயே பெரும்பாலும் ஒரு ‘தேவாலய’ இருக்கும். புத்தர் நிருவாணம் எய்திவிட்டார்; அவர் வழிகாட்டுவாரேயன்றி, மழையும் மகப்பேறும் நோய் நீக்கமும் தர அழைக்கத்தக்கவர் அல்லர் என்பது அவர்கள் கொள்கை. அவ்வேண்டுதல்களுக்குத் தெய்வங்களிடம் செல்வர். தெய்வங்களும் புத்தரிடமிருந்து ‘வரம்’ பெற்றே உலகைக் காக்கின்றன என்பர். கண்டியில் ஆண்டுதோறும் நடைபெறும் பெரஹர ஊர்வலத்தில் புத்தரின் பல் பேழைக்குப் பின்னே நான்கு தெய்வங்களின் ஊர்வலங்கள் செல்கின்றன. அத்தெய்வங்கள் நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி. கதிர்காமர் நம் முருகப்பெருமானே. பத்தினி நம் கண்ணகியே.

சிங்களவர் கூறும் பத்தினிக் கதையில் சில மாறுதல்கள் உள்ளன. பாண்டியனுக்கு மூன்று கண்கள். அவனுடைய சோலையில் வியத்தகு மாங்கனி ஒன்று தோன்றியது. சக்கரன் என்று அவர்கள் கூறும் இந்திரன் கிழவன் வேடத்தில் வந்து அக்கனியை அம்பெய்து வீழ்த்த, அதன் சாறு பட்டுப் பாண்டியனின் நெற்றிக்கண் குருடாயிற்று. அம்மாங்கனியே பத்தினியின் பிறப்பிடம். கோவலன் அங்கே ‘பாலங்க’ எனப்படுகிறான். கொலையுண்ட அவனைப் பத்தினி உயிர்ப்பித்து எழுப்புகிறாள். வருங்காலத்தில் புத்த நிலை எய்த விரும்பித் தவம் செய்பவளாகவும் அவளைப் போற்றுகின்றனர். அம்மை முதலிய நோய் கண்டால் அவளை நினைந்து, தாய்மார் சிலரை வீட்டுக்கு அழைத்துப் பாற்சோறும் பலகாரமும் படைப்பது வழக்கம். அவர்களைப் பால் தாய்மார் என்னும் பொருளில் ‘கிரி அம்மா’ என்பர். அறுவடைக்குப் பின் ‘கம்மடுவ’ என்னும் சடங்கில் இரவு முழுவதும் அவள் கதையைப் பாடி ஆடுவர்.

‘அங்கெலிய’ என்னும் விளையாட்டும் அவளுக்குரியது. ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து, இரண்டு கொம்புகளைக் கொக்கிபோல் மாட்டிக் கயிறு கட்டி இழுப்பர். எக்கட்சியின் கொம்பு முறிகிறதோ அக்கட்சி தோற்றது. பத்தினியும் பாலங்கனும் செண்பக மலர் பறிக்கையில் அவர்களுடைய துறட்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதை நினைவூட்டுவது இவ்விளையாட்டு என்பது அவர்கள் கதை. இதே விளையாட்டைக் கிழக்கிலங்கை மட்டக்களப்புத் தமிழர் கண்ணகியம்மன் கோயில்களில் கொம்பு விளையாட்டு என்னும் பெயரால் ஆடி வந்துள்ளனர். கோவலன் பக்கத்தார் வடசேரியார். கண்ணகி பக்கத்தார் தென்சேரியார். மொழி வேறாயினும் இரு மக்களும் ஒரே அன்னையின் முன் ஒரே கொம்பை இழுத்திருக்கின்றனர்.

கயவாகு உண்மையிலேயே சேர நாட்டுக்கு வந்தானா? கஜபாகு என்னும் மன்னன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்டது உறுதி. ஆனால் அவன் தென்னாடு வந்ததாக மகாவமிசம் ஒரு சொல்லும் கூறவில்லை. பிற்காலச் சிங்கள நூலான ராஜாவலியவே, சோழன் சிறைப்பிடித்துச் சென்ற 12,000 பேரை மீட்டதோடு, மேலும் 12,000 பேரையும் பத்தினியின் சிலம்பையும் அவன் கொண்டுவந்தான் என்கிறது. சிலம்பின் சான்றைக் கொண்டு சங்க காலத்தைக் கணித்த அறிஞர் பலர். வணிகர், துறவியர், குடியேறியோர் ஆகியோருடன் பத்தினி வழிபாடு பல நூற்றாண்டுகளில் சிறுகச் சிறுகக் கடல் கடந்ததாகவும், பின்னர் அது ஒரு மன்னன் பெயரோடு இணைக்கப்பட்டதாகவும் கருதுவோரும் உளர். எவ்வாறாயினும் அவள் சென்ற வழி நம் மலைகளின் வழி என்பதில் ஐயமில்லை. பாலக்காட்டுக் கணவாய் சேர நாட்டையும் கொங்கு நாட்டையும் இணைத்த வணிகப் பெருவழி. கம்பம் மலைவழி பாண்டி நாட்டு வாயில். இவ்வழிகளில் மிளகும் உப்பும் போலவே கதைகளும் தெய்வங்களும் நடந்தன. இடுக்கியில் வாழும் மன்னான் பழங்குடியினர் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர் என்கின்றனர். கோவிலன் கண்ணகி கதையைக் கூத்தாக ஆடுவது அவர்கள் மரபு. ஏடறியாத மக்கள் அக்கதையைத் தம் நாவிலும் காலடியிலும் காத்து வந்திருக்கின்றனர்.

இத்தனை உறவிருந்தும் இடைக்காலத்தில் நிகழ்ந்தவற்றை மறைத்துப் பேசுதல் தகாது. 1948இல் இலங்கை விடுதலை பெற்ற அதே ஆண்டில் இயற்றிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவர்களுள் சிலர் கேரளத்துப் புனலூர்ப் பகுதியில் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1983இல் மூண்ட போர் 2009 வரை நீடித்து, எண்ணற்ற உயிர்களைக் கொண்டது. மதுரையிலிருந்து வந்த தாய்மாரைத் தம் நூலிலே எழுதி வைத்தவர்களும், அத்தாய்மாரின் மொழியைப் பேசுவோரும் ஒருவரையொருவர் அந்நியர் என்று எண்ணியதன் விளைவு இது.

அதே 1956ஆம் ஆண்டு நமக்கும் முக்கியமான ஆண்டு. நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. சென்னை மாநிலத்தில் இருந்த பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தது. தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. செங்கோட்டை தமிழகத்துக்கு வந்தது. அந்நாளில் இங்கும் கசப்பு இருந்தது. எல்லை பற்றிய வழக்கு மங்கலதேவி மலைமேல் இன்றும் முற்றும் தீரவில்லை. ஆயினும் இரு மாநில மக்களும் சித்திரை முழுமதியன்று ஒரே வரிசையில் நின்று ஒரே அன்னையை வணங்குகின்றனர்.

பாலக்காட்டை அடுத்த சித்தூரில் கும்ப மாதத்தில் ‘கொங்கன்படை’ என்னும் விழா நடைபெறுகிறது. படையெடுத்து வந்த கொங்கரைப் பகவதியின் அருளால் வென்றதாகக் கொண்டாடும் விழா அது. தோற்றவர் தமிழ்ப் படையினரே. ஆயினும் அப்பகுதியில் வாழும் தமிழர் அதனால் மனம் நோவதில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்து மகிழ்கின்றனர். பழைய பகை அங்கே கொட்டும் குதிரை வேடமுமாக மாறிவிட்டது. எல்லாளன் நினைவிடத்தின் முன் இசையை அடக்கிய மன்னனும் ஏறக்குறைய இதனையே செய்தான். பகைமை நிகழாமல் வரலாறு இல்லை. அதனை எவ்வாறு நினைவில் வைப்பது என்பதே மக்களின் கையில் உள்ளது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம், யார் முதலில் வந்தவர், யார் பின்னர் வந்தவர் என்னும் வழக்கை அடிக்கடி கேட்கிறோம். சிங்கள மக்களின் வரலாறு அவ்வழக்குக்கு ஒரு நல்ல விடையாகும். வடக்கிலிருந்து வந்தவரும், மதுரையிலிருந்து வந்தவரும், மலையாளக் கரையிலிருந்து வந்தவரும் சேர்ந்தே ஓர் இனமாயினர். ஒருகால் வந்தவராகவே இருந்த மக்கள், பின்னர் வந்தோரை அயலார் என்று தள்ளியபோது நாட்டுக்கு நேர்ந்த துன்பத்தையும் கண்டோம். நம் அண்டை வீட்டார் மொழியைக் கற்போம். அவர்கள் கதையைக் கேட்போம். நம் கதையையும் அவர்களுக்குச் சொல்வோம். அடுத்த சித்திரை முழுமதியன்று குமுளி மலையேறும் வாய்ப்புக் கிட்டுவோர், அச்சிதைந்த கோட்டத்தின் முன் நிற்கையில், அதே அன்னையைக் கடலுக்கப்பால் வேறொரு மொழியில் அழைத்து, நோயுற்ற குழந்தைக்காகப் பாற்சோறு படைக்கும் சிங்களத் தாயையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வார்களாக.